வயல், ஆலை, கைப்பேசி: வறுமை குறைந்தும் விலகாத இடைவெளி

1916ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை அவரவர் சொந்த ஊருக்குப் போய்க் கணக்கெடுத்து வரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, யார் யாருக்குக் கூலி வேலை செய்கிறார்கள், கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதப்பட்ட ஊர்களில் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டும் ஒன்று. 1930களிலும் 1961, 1981, 2008 ஆகிய ஆண்டுகளிலும் ஆய்வாளர்கள் அந்த ஊருக்கு மறுபடி மறுபடி போனார்கள். ஏறக்குறைய நூறாண்டுக் காலம் ஒரே ஊரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உலகில் அதிகம் இல்லை.

2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் அங்கே கண்டது பழைய ஊர் அல்ல. பெருநிலக்காரக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்கு உழைக்கும் படியாள் முறை மங்கிப் போயிருந்தது. ஊரின் வருமானம் வயலை மட்டும் நம்பி இல்லை. கூலி உயர்ந்திருந்தது, ரேஷன் அரிசி பசியைத் தள்ளி வைத்திருந்தது. ஆனால் நிலம் கைமாறியபோது அதில் தலித் மக்களுக்குக் கிடைத்தது சொற்பம். வெளியூர் வேலைக்குப் போனவர்களிலும் நல்ல வேலைக்குப் போனவர்கள் யார், கட்டட வேலைக்குப் போனவர்கள் யார் என்பதைப் பழைய கோடுகளே பெரும்பாலும் தீர்மானித்தன.

வறுமை குறைவது வேறு, ஏற்றத்தாழ்வு குறைவது வேறு. ஒரு நாடு உழவிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து சேவைத் துறைக்கும் நகரும்போது வறுமை பெரும்பாலும் குறையும். இணையமும் கைப்பேசியும் வரும்போதும் குறையலாம். மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள இடைவெளி குறையுமா என்பது, மாற்றம் வருவதற்கு முன் நிலமும் பள்ளியும் யார் கையில் இருந்தன, வந்த பிறகு அரசு யார் பக்கம் நின்றது என்பவற்றைப் பொறுத்தது. கடந்த கால் நூற்றாண்டு இந்திய அனுபவம், குறிப்பாகத் தமிழக அனுபவம், இதைத்தான் காட்டுகிறது.

வயலை விட்டு எங்கே?

1954இல் ஆர்தர் லூயிஸ் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். கரீபியக் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவில் பிறந்தவர் அவர். 1979இல் நோபல் பரிசு பெற்றவர். ஏழை நாடுகளின் வயல்களில் தேவைக்கு அதிகமான ஆட்கள் இருக்கிறார்கள்; அவர்களை ஆலைகள் இழுத்துக்கொண்டால் உற்பத்தி பெருகும்; உபரி ஆட்கள் தீர்ந்ததும் கூலி உயரும் என்றார் லூயிஸ். மறு ஆண்டே சைமன் குஸ்நெட்ஸ், தொழில்மயமாதலின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடிப் பின்னர் தணியும் என்று ஊகித்தார். அது பெரும்பாலும் ஊகம்தான் என்பதை அந்தக் கட்டுரையிலேயே அவர் சொல்லியிருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த எச்சரிக்கையை மறந்து அதை விதியாக்கிவிட்டார்கள்.

தென் கொரியா லூயிஸ் சொன்ன வழியில் போனது. 1960களின் தொடக்கத்தில் அங்கே உழைப்பாளர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேளாண்மையில் இருந்தார்கள். இன்று ஏறத்தாழ 20 பேரில் ஒருவர்தான் இருக்கிறார். ஆனால் ஆலைகள் எழும் முன்பே, 1950ஐ ஒட்டி, அங்கே நிலச் சீர்திருத்தம் நடந்து முடிந்திருந்தது. தொடக்கக் கல்வி ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் எட்டிக்கொண்டிருந்தது. ஆலை வாசலுக்கு வந்தவர்களிடையே தொடக்க வேறுபாடு குறைவாக இருந்ததால் வளர்ச்சியின் பலனும் பரவலாகச் சேர்ந்தது.

இந்தியா வேறு வழியில் போனது. இன்று நாட்டு வருமானத்தில் வேளாண்மையின் பங்கு சுமார் 18 சதவீதம். ஆனால் 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி உழைப்பாளர்களில் 46.1 சதவீதம் பேர் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள். வேளாண்மைக்கு வெளியே ஒருவர் உருவாக்கும் மதிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் வயலில் ஒருவர் உருவாக்குகிறார் என்று இதற்குப் பொருள். வேளாண்மையில் இருப்போரின் விகிதம் 2018-19இல் 42.5 சதவீதமாக இறங்கியிருந்தது. கொரோனா ஊரடங்கில் நகரங்களிலிருந்து நடந்தே திரும்பியவர்களை வயல்தான் ஏற்றுக்கொண்டது. 2020-21இல் அது 46.5 சதவீதத்துக்கு ஏறியது. அதன் பிறகு பொருளாதாரம் மீண்டது. விகிதம் பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

பெண்களின் நிலை இதைவிடக் கவலை தருவது. வேலை செய்யும் பெண்களில் வேளாண்மையில் இருப்போர் 2017-18இல் 57 சதவீதம், 2023-24இல் 64.4 சதவீதம். ஆண்கள் சித்தாளாகவோ ஓட்டுநராகவோ காவலாளியாகவோ ஊரை விட்டுப் போகும்போது வயலும் மாடும் பெண்கள் தலையில் விழுகின்றன. அதே நேரத்தில் காவிரிப் படுகையில் அறுவடை எந்திரம் வந்த பிறகு, கதிர் அறுத்து நெல்லைக் கூலியாக வாங்கிவந்த பெண்களுக்கு அந்த வேலை போய்விட்டது. எந்திரத்தை ஓட்டுவது ஆண். அதன் வாடகை, எந்திரம் வைத்திருப்பவருக்கு. உடல் நோவு குறைந்தது உண்மை. கைக்கு வந்த நெல்லும் குறைந்தது.

தொழில் துறை இந்த ஆட்களை இழுத்துக்கொள்ளவில்லை. இந்தியாவில் ஆலை உற்பத்தியில் வேலை செய்வோரின் பங்கு பல ஆண்டுகளாக 11, 12 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. வளரும் நாடுகள் பணக்கார நாடாகும் முன்பே ஆலை வேலைகளை இழக்கத் தொடங்கிவிட்டன என்று பொருளியலாளர் டானி ரோட்ரிக் 2015இல் எச்சரித்தார். இந்தியாவில் வயலை விட்டவர்களில் பெரும் பகுதியினர் கட்டட வேலைக்கும் சில்லறை வணிகத்துக்கும் போனார்கள். மென்பொருள் நிறுவனங்கள் உருவாக்கிய உயர் சம்பளமோ, ஆங்கிலமும் பொறியியல் பட்டமும் ஏற்கெனவே கைவசம் இருந்த சிறு பகுதியினரைத்தான் சென்றடைந்தது.

ஆலை வாசலில்

தமிழகம் இதில் ஓரளவு விலகி நிற்கிறது. இந்தியாவில் மிக அதிகமான தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் இது. 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் பேர் இங்கே இருந்தார்கள். இதற்குப் பின்னால் மதிய உணவும், ஊருக்கு ஊர் பள்ளியும், கிராமத்தைத் தொட்டு ஓடும் பேருந்தும் இருக்கின்றன. 12ஆம் வகுப்பு முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்த இடத்துக்குத்தான் மின்னணு ஆலைகள் வந்தன.

அந்த வேலை எவ்வளவு உறுதியானது என்பதை ஸ்ரீபெரும்புதூர் காட்டியது. 2006இல் நோக்கியா அங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது சுற்று மாவட்டங்களின் இளைஞர்கள், குறிப்பாக இளம் பெண்கள், முதன்முறையாக மாதச் சம்பளமும் அடையாள அட்டையும் பெற்றார்கள். பின்னர் வரித் தகராறு வந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ஆலை நின்றது. 25 வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் ஏராளம். கைப்பேசியில் ஒரே ஒரு பாகத்தைப் பொருத்தக் கற்றிருந்த கைக்கு வெளியில் வேறு வேலை எளிதில் கிடைக்கவில்லை.

ஆலைகள் மறுபடி வந்தன. ஐபோன் பொருத்தும் வேலை சுங்குவார்சத்திரம் பகுதியில் பெருகியது. 2021 டிசம்பரில் அங்குள்ள ஆலை ஒன்றின் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதிகளின் நிலை நாடறிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் திறந்தது. கூலி மட்டுமே வேலையின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. படுக்கிற இடமும் சாப்பிடுகிற சோறும் திரும்பிப் போகப் பேருந்தும் அதில் அடக்கம்.

திருப்பூர் வட்டாரம் இன்னொரு பாடத்தைச் சொல்கிறது. அங்குள்ள கிராமங்களை ஜூடித் ஹேயர் 1981 முதல் பல முறை ஆராய்ந்திருக்கிறார். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவே ஆகியோரும் அங்கே நீண்ட காலம் ஆய்வு செய்தவர்கள். பனியன் கம்பெனிகள் அருந்ததியர் குடும்பங்களுக்கும் வயலை விட்டு வெளியேறும் வழியைத் திறந்தன. ஆனால் எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரி அல்ல. கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போன ஊர்களில் ஆட்களுக்குப் பேரம் பேசும் வலு கூடியது. விசைத்தறி ஊருக்குள்ளேயே வந்த இடங்களில், முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் தொகையே தொழிலாளியைத் தறியோடு கட்டிப்போட்டது. வயலில் இருந்த கடன் பிணைப்பு தறிக்கூடத்துக்கு இடம் மாறியது. இரண்டுமே தொழில் வளர்ச்சிதான். ஒன்றில் விடுதலை, மற்றதில் புதிய பிணைப்பு.

கைப்பேசி கொடுத்ததும் தடுத்ததும்

1997 ஜனவரி 14ஆம் தேதி காலை, கேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் தாங்கள் பிடித்து வந்த மத்தி மீனைக் கடலில் கொட்டும் நிலையில் இருந்தார்கள். வாங்க ஆள் இல்லை. அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேறு சந்தைகளில் 27 பேர் மீன் வாங்க வந்து, கிடைக்காமல் திரும்ப இருந்தார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் பதிவுசெய்த காட்சி இது. அந்த ஆண்டு முதல் கைப்பேசிக் கோபுரங்கள் வந்தன. மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்கத் தொடங்கினார்கள். வீணாகும் மீன் ஏறத்தாழ இல்லாமல் போனது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அரசு மானியம் இல்லாமலே இரு பக்கமும் பயன் அடைந்தன. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா கைப்பேசிப் பணச் சேவை, அந்நாட்டுக் குடும்பங்களில் 2 சதவீதத்தை வறுமையிலிருந்து மீட்டதாக டவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016இல் கணக்கிட்டார்கள்.

இந்தியாவில் மின்னணு மாற்றம் பெரும்பாலும் அரசு வழியாக வந்தது. 2010இல் முதல் ஆதார் எண், 2014இல் ஜன்தன் கணக்கு, 2016இல் யூபிஐ என அடுத்தடுத்து வந்தன. 2011இல் இந்தியப் பெரியவர்களில் 35 சதவீதம் பேரிடம்தான் வங்கிக் கணக்கு இருந்தது. 2021இல் 78 சதவீதம். தள்ளுவண்டிக்காரர் முதல் நகைக்கடைக்காரர் வரை ஒரே வழியில் கட்டணமின்றிப் பணம் பெற முடிவது பெரிய சமத்துவம்தான்.

ஆனால் ஒரே கருவி இரண்டு மாநிலங்களில் இரண்டு விதமாக நடந்துகொண்டது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் நூறு நாள் வேலைக் கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் கைரேகை அடிப்படையிலான அட்டை வந்தபோது, கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் 157 மண்டலங்களில், சுமார் 1.9 கோடி மக்கள் வாழும் பகுதியில், அதன் விளைவை அளந்தார்கள். கூலி விரைவாக வந்தது. வேலைத் திட்டத்தில் கசிவு 41 சதவீதம் குறைந்தது. பின்னர் அதே மூவர் ஜார்க்கண்டில் ரேஷன் கடைக் கைரேகைச் சோதனையை ஆராய்ந்தார்கள். சராசரியாகக் கசிவு குறையவில்லை. ஆதாரை இணைக்காமலிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்துவந்த பொருளின் மதிப்புதான் சுமார் 10 சதவீதம் குறைந்தது.

வேறுபாடு எந்திரத்தில் இல்லை. ஆந்திரத்தில் அட்டை இல்லாதவருக்கும் பழைய முறையில் கூலி கிடைத்தது. அங்கே குறிக்கோள், மக்களுக்குப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பது. ஜார்க்கண்டில் குறிக்கோள் திருட்டைத் தடுப்பது. ரேகை பொருந்தாதவர் திருடராக இல்லாவிட்டாலும் வெறுங்கையோடு திரும்பினார்.

ரேகை பொருந்தாமல் போவது யாருக்கு என்று பார்த்தால் சங்கதி விளங்கும். சிமெண்டு கலவை பிசைந்த கொத்தனார் கை, உப்பளத்தில் வெந்த கை, ஆண்டுக்கணக்கில் நாற்று நட்ட கை, முதுமையில் வழுவழுப்பான கை. கடைக்காரர் கட்டை விரலை வைக்கச் சொல்வார், விழாது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார். அடுத்த விரலுக்குப் போவார். கடைசியில், அட்டையோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும் என்பார். அந்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு இது ஒரு நாள் இழப்பு. வாழ்நாள் முழுக்க உடலால் உழைத்தவருக்கே எந்திரம் இப்படிக் கூடுதல் சுமையைச் சுமத்துகிறது.

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். சிக்னல் இல்லாவிட்டால், பணித்தளப் பொறுப்பாளரின் கைப்பேசி பழுதானால், செய்த வேலைக்குக் கூலி இல்லாமல் போகும் நிலை வந்தது. இதனால் மோசடி ஒழிந்ததா? தொடர்பில்லாத படங்களையும், படத்தைப் படமெடுத்தும் பதிவேற்றுகிறார்கள் என்று ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏமாற்ற நினைப்பவருக்கு வழி கிடைத்தது. மண் சுமந்தவர் படத்துக்காகக் காத்து நின்றார்.

பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் இடைவெளி இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2017-18இல் ஊரகக் குடும்பங்களில் 4.4 சதவீதத்திடம்தான் கணினி இருந்தது, நகரங்களில் 23.4 சதவீதத்திடம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். தமிழகம் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள், மாலை நேரத்தில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வுப்படி, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது. பின்தங்கிய குடும்பப் பிள்ளைகளே அதிகம் பயன் பெற்றார்கள். திரை அகலப்படுத்திய இடைவெளியை, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததே சுருக்கியது.

செயலியின் கீழ் உழைப்பு

வயலும் வேண்டாம், ஆலையும் கிடைக்கவில்லை என்ற இளைஞருக்கு இன்று திறந்திருக்கும் வாசல் உணவு, சரக்கு விநியோகச் செயலி. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இப்படிப்பட்ட தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடியாவார்கள் என்றும் மதிப்பிட்டது. வேலைக்குச் சேர சிபாரிசு தேவையில்லை, சாதி கேட்பதில்லை, பைக்கும் உரிமமும் கைப்பேசியும் போதும். ஊரில் முதலாளி முன் துண்டை இடுப்பில் கட்டி நின்ற தந்தையின் மகனுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் பெட்ரோல் அவர் செலவு, வண்டித் தவணை அவர் செலவு, விபத்தானால் மருத்துவமும் பெரும்பாலும் அவர் செலவு. ஒரு ஆர்டருக்கு எவ்வளவு என்பதும், இன்சென்டிவ் எத்தனை ஆர்டருக்குப் பிறகு என்பதும் முன்னறிவிப்பின்றி மாறும். ஐடி பிளாக் ஆகிவிட்டால் காரணம் கேட்க எதிரில் ஆள் இல்லை. பழைய மேஸ்திரியிடம் சண்டையாவது போடலாம். செயலியிடம் அதற்கு வழியில்லை.

சட்டம் மெதுவாகத்தான் எழுந்து வருகிறது. 2023இல் ராஜஸ்தான் இவர்களுக்கென முதல் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் தமிழகம் தனி நல வாரியம் அமைத்தது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இந்த நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது. இவர்கள் தொழிலாளர்களா, தனித்து இயங்கும் ‘பங்குதாரர்களா’ என்ற அடிப்படைக் கேள்வியை அது தீர்க்கவில்லை. அது தீரும்வரை குறைந்தபட்சக் கூலி இவர்களுக்கு எட்டாது.

உச்சியும் அடியும்

வறுமை குறைந்திருப்பதை மறுப்பதற்கில்லை. உலக வங்கியின் புதிய அளவுகோலின்படி, நாளொன்றுக்கு 3 டாலருக்குக் கீழ் வாழ்ந்த இந்தியர்கள் 2011-12இல் 27.1 சதவீதம், 2022-23இல் 5.3 சதவீதம். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழகத்தின் விகிதம் 2019-21இல் 2.2 மட்டுமே. கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிவாயு, வங்கிக் கணக்கு ஆகியவை பரவியதன் பலன் இது.

அதே பத்தாண்டில் உச்சியில் நடந்தது வேறு. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 2022-23இல் இந்தியாவின் மேல்தட்டு 1 சதவீதத்தினர் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதத்தையும் சொத்தில் 40.1 சதவீதத்தையும் வைத்திருந்தார்கள். வீட்டுச் செலவுக் கணக்கெடுப்புகள் ஏற்றத்தாழ்வு குறைந்ததாகக் காட்டுவதற்கும் இதற்கும் முரண் இல்லை. அந்தக் கணக்கெடுப்புகள் செலவைப் பார்க்கின்றன; பெரும் பணக்காரர்களின் சேமிப்பும் பங்குகளும் அதில் சிக்குவதில்லை. மின்னணுச் சந்தையின் இயல்பும் குவிவதுதான். யூபிஐ பாதை பொதுவில் கட்டப்பட்டது. ஆனால் அதில் நடக்கும் பரிமாற்றங்களில் சுமார் 80 சதவீதம் இரண்டே செயலிகளின் கையில் இருக்கின்றன. எந்த நிறுவனமும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியின் காலக்கெடு மறுபடி மறுபடி தள்ளிப்போய், இப்போது 2026 இறுதியில் நிற்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்பதற்கான விடை ஏற்கெனவே துண்டு துண்டாகக் கண்ணெதிரே இருக்கிறது. 2021 முதல் தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; பயணிப்பவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. தூரத்து வேலைக்குப் போகலாமா என்று தயங்கியவரின் கணக்கை அந்தப் பணம் மாற்றுகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம், 70 வயதைக் கடந்தோரும் மாற்றுத்திறனாளிகளுமாக 21 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருளைக் கொண்டு போக வகை செய்தது. எந்திரத்திடம் மனிதர் போய் நின்ற நிலை மாறி, எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊழியர் மனிதரிடம் வருகிறார்.

இதை விதியாக்க வேண்டும். நலத்திட்டத்தில் ஒரு கருவியோ செயலியோ நுழையும்போது, அது வேலை செய்யாத நாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு பொருளையும் கூலியையும் கொடுக்கும் அதிகாரம் கடை ஊழியருக்கும் பணித்தளப் பொறுப்பாளருக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். நேரடிப் பணப் பரிமாற்றத்தால் 3.48 லட்சம் கோடி ரூபாய் மிச்சமானதாக ஒன்றிய அரசு சொல்கிறது. நீக்கப்பட்ட அட்டைகளிலும் பெயர்களிலும் போலி எத்தனை, ரேகை விழாததாலோ ஆதார் இணையாததாலோ விடுபட்ட உண்மையான பயனாளி எத்தனை என்று பிரித்து, ஊராட்சி ஒன்றிய வாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். தகவல் எல்லாம் ஏற்கெனவே கணினியில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கிராம சபையில் படித்துக் காட்டினால், யார் போலி, யார் பக்கத்து வீட்டுக் கிழவி என்பதை ஊர்க்காரர்களே அங்கேயே சொல்லிவிடுவார்கள்.